லூர்துநாதன் கை வைத்த வண்டி

ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க லூர்துநாதனிடம் கருவி எதுவும் கிடையாது. கைதான். வண்டியில் பாட்டு செட்டு முழுவதையும் மாட்டி முடித்ததும் ஒரு கேசட்டைப் போட்டு, ஒரு பக்கம் முழுக்க ஓடவிடுவான். அந்த அரைமணி நேரமும் பேசமாட்டான். பக்கம் முடிந்து டக்கென்று நின்றதும் சீட்டுக்கு அடியில் குனிவான். கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் ஓரத்தை, சுண்டுவிரல் பக்கத்தை, ஆம்ப்ளிஃபயரின் வரிவரியான அலுமினியத் தகட்டின் மேல் வைத்து ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவான். பத்துவரை கை நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நிற்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டுவான். கல்யாணக் கோஷ்டி காத்திருக்கிறது என்று நீங்கள் தலைகீழாக நின்றாலும் கேட்கமாட்டான்.

விழுப்புரத்தில் அப்போது கார் செட்டு மாட்டுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆனாலும் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து டாக்சிக்காரர்களிலிருந்து எங்கள் திண்டிவனத்து வேன்காரர்கள் வரை லூர்துநாதனைத்தான் தேடிப் போவோம். "லூர்து கை வெச்ச வண்டி" என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. ஒயரை அவன் சிக்கலாக ஓடவிட்டு நான் பார்த்ததில்லை. பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயர், பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். எல்லா எர்த்தும் ஒரே இடத்தில், பெயின்டைச் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில். எர்த்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக அடித்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குப் பின்னால் கொய்ங் என்று ஒரு சத்தம் கூடவே வரும். மற்ற கடைக்காரர்கள் மாட்டிய வண்டிகளில் அது வரும். அவர்களிடம் கேட்டால் இன்ஜின் சரியில்லை என்பார்கள்.

என் பெயர் தேவநாதன். சொந்தமாக ஒரு மெட்டடார் வேன் வைத்து ஓட்டினேன். கல்யாணம், காதுகுத்து, அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயில். எனக்குக் கோபம் சட்டென்று வரும்; வாயும் கொஞ்சம் நீளம். இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும்.

லூர்துநாதனும் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டு கட்டப் போய்த் தொழில் கற்றவன். மரத்தின் மேல் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதில் ஆரம்பித்து, ரேடியோ ரிப்பேருக்கு வந்து, டேப் ரிக்கார்டர் வந்ததும் வண்டிகளுக்கு மாறினான். கல்யாணம் ஆனதும் விழுப்புரத்துக்குக் குடி வந்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு மதில் சுவரை ஒட்டித் தகரக் கடை போட்டான். மனைவி அமல்ராணி தையல் தெரிந்தவள். அவன் பிளைவுட்டில் ஸ்பீக்கர் பெட்டி அடிப்பான், அவள் அதற்கு ரெக்சின் தைத்து மாட்டுவாள். இருவரும் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். சண்டையும் கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாசம். எங்கள் ஸ்டாண்டில் சக்கரபாணி என்று இன்னொரு வேன்காரன். அவன் வேனில் வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் ஒன்று வைத்துவிட்டான். தூரத்தில் அவன் வண்டி வரும்போதே நம் நெஞ்சில் தும் தும் என்று இடிக்கும். சவாரிக்காரர்கள் அவன் வண்டியைத்தான் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. விழுப்புரத்துக்கு வண்டியை விட்டேன்.

"அவனுக்கு ஒரு வூஃபர்னா எனக்கு ரெண்டு," என்றேன். "ரெண்டு ஆம்ப்ளிஃபயர். ஆடி அமாவாசைக்கு முன்ன வேணும். ஜல்தி."

லூர்துநாதன் தலையாட்டினான். முன்னால் இருக்கும் நாலு சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், பின்னால் வைக்கப்போகும் இரண்டு பத்து இஞ்ச் வூஃபருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். ஒரு டார்ச் செல்லை எடுத்து வூஃபர் ஒயர்களில் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். தொட்டதும் இரண்டு வூஃபரின் காகிதமும் ஒரே மாதிரி வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியே தள்ளி மற்றது உள்ளே இழுத்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும் என்று சொன்னான். உழைப்பு இரண்டு மடங்கு, சத்தம் மட்டும் வராதாம்.

அன்றைக்கு அவன் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தான். ஆனி வெயிலில், வண்டிக்கு அடியில்.

"இன்னாப்பா, மாப்ள மாதிரி முழுக்கை? ரெண்டாவது கல்யாணமா?" என்றேன். ரெக்சின் தைத்துக்கொண்டிருந்த அமல்ராணி சிரிக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். ஆட்கள் காலால் உதைக்காமல் இருக்க, இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் கடைசி சீட்டுக்கு அடியில் வைத்துப் பலகையால் மூடச் சொன்னேன்.

"ரெண்டையும் ஒண்ணா அடைச்சா காத்து போவாதுப்பா. சூடேறும்."

"நீதான் கை வெச்சிப் பாக்கப்போறியே. ஏறினா தெரிஞ்சிடப் போவுது."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு பலகையை அளக்க ஆரம்பித்தான்.

மாட்டி முடித்து, கேசட்டின் ஒரு பக்கம் ஓடி நின்றது. பலகையின் சந்துக்குள் கையை விட்டு எண்ணினான். பத்துவரை எண்ணி, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காகவோ என்னவோ, பதினைந்துவரை போனான். கை அசையவில்லை.

"ஜில்லுனு கீது," என்றான்.

ஆடி அமாவாசையன்று கெங்கம்மாள் குடும்பம் என் வண்டியைப் பிடித்தது. கெங்கம்மாள் எங்கள் தெருவில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம் செய்கிறவள். மேல்மலையனூரில் ஊற்றுவதற்காகக் கேப்பைக் கூழ் காய்ச்சி, ஒரு பெரிய அண்டா நிறைய ஏற்றினாள். மத்தியானம் கிளம்பினோம். பதினெட்டுப் பேர். நான் வால்யூமை எவ்வளவு போகுமோ அவ்வளவு வைத்தேன். சக்கரபாணியின் வண்டியை நடுவழியில் முந்தினேன். அந்த ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

செஞ்சி நெருங்கும்போது கடைசி சீட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே புகை. வண்டியை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தேன். எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கினார்கள். சீட்டுக்குள் அடைத்திருந்த தேங்காய் நார் கங்காகிக் கனன்றுகொண்டிருந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். ரேடியேட்டருக்கு வைத்திருந்த ஒரு கேன் தண்ணீரை ஊற்றினேன். நார் இன்னும் கனன்றது. பக்கத்தில் கிணறு எதுவும் இல்லை.

கெங்கம்மாள்தான் ஏறினாள். "ஆத்தா, உனக்குன்னு கொண்டாந்தது, இங்கியே வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டு, சொம்பு சொம்பாகக் கூழை மொண்டு சீட்டுக்குள் ஊற்றினாள். அண்டா பாதி காலியானபோது நெருப்பு அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. கூழில் ஊறிக் கிடந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபியூஸ் போகவில்லை. ஒயர் எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை. வெறும் சூடு. பத்து எண்ணும்போதே தெரிந்திருக்க வேண்டிய சூடு.

மறுநாள் அந்த ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் போட்டுக்கொண்டு விழுப்புரம் போனேன். கடை வாசலிலேயே சாக்கை உதறினேன்.

"பதினெட்டு உயிருப்பா! நீ இன்னா கை வெச்சிப் பாத்தியா, கதை பண்ணினியா?"

"வெச்சிப் பாத்தனே," என்றான். "நீயும் பாத்துக்கினு தானே இருந்தே?"

"எந்தக் கையை வெச்சே? காட்டு, இந்தக் கையா?" என்று அவன் வலது கையைப் பிடித்து இழுத்தேன்.

சுண்டுவிரலிலும் உள்ளங்கையின் ஓரத்திலும் தோல் உரிந்து கிடந்தது. ஆம்ப்ளிஃபயர் தகட்டின் வரிகள் எத்தனையோ அத்தனை கொப்புளம். சில உடைந்து காய்ந்திருந்தன, சிலவற்றில் அழுக்கு ஏறியிருந்தது. என் வண்டியில் அவன் கை வைத்து ஒரு மாசம் ஆகிறது. அதன் மேலேயே அவன் தினமும் வேலை செய்திருக்கிறான். என் கட்டைவிரல் சரியாக ஒரு புண்ணின் மேல் அழுந்தியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுத்துகிறேனா இல்லையா என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவனுக்கு.

நான் கையை விட்டேன். விட்டதோடு நிற்காமல் என் கையை வேட்டியில் துடைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பயத்தில் செய்தேன். அவன் அதைப் பார்த்தான்.

சட்டைக் கையை அவனே மேலே ஏற்றினான். முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு படை. தேமல் மாதிரி இருந்தது. கடைக்குப் பின்னால் மதில் சுவரில் ஒரு பிளைவுட் பலகை சாய்ந்திருக்கும், வெகுநாளாக இருந்தது. அதை அவன் ஒரு பக்கம் நகர்த்தினான். சுவரில் சுகாதாரத் துறைக்காரர்கள் எழுதியது நீல எழுத்தில் இருந்தது. உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் உடனே வந்து காட்டுங்கள், தொழுநோயைக் குணப்படுத்தலாம் என்று.

"போன வருஷம் எழுதிட்டுப் போனாங்கோ," என்றான். "படிச்சிட்டுப் பலகையச் சாத்தி வெச்சிட்டேன். விரலு மரமரன்னு இருந்தது. சூடுகூடத் தெரியாதுன்னு தெரியாதுப்பா."

அவன் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரோ ஒருவருடைய வண்டியின் ரிப்பேரைச் சொல்வது மாதிரிச் சொன்னான். அமல்ராணி மெஷினை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான்.

"யாருக்கும் சொல்லிடாதே, தேவநாதா. தெரிஞ்சா ஒருத்தன் வண்டிக்குள்ளார ஏத்தமாட்டான்."

"நான் ஏன் சொல்றேன்?" என்றேன்.

விழுப்புரத்தில் போய்க் காட்ட அவனுக்குத் தைரியம் இல்லை. திண்டிவனத்தில் புதன்கிழமை புதன்கிழமை ஒரு வேப்பமரத்தடியில் மேஜை போட்டு இதற்கு மருந்து கொடுப்பார்கள். அடுத்த புதன் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கினான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முருகையன் என்கிற சுகாதார ஊழியர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்துக் கையை மேஜை மேல் விரிக்கச் சொன்னார்.

"கண்ண மூடிக்கோங்க. நான் தொடுவேன். தொட்ட எடத்த இன்னொரு கை விரலால காட்டணும்."

பேனா முனையால் கட்டைவிரலைத் தொட்டார். லூர்துநாதன் சரியாகக் காட்டினான். ஆள்காட்டி விரல், சரி. நடுவிரல், சரி. சுண்டுவிரலைத் தொட்டார். லூர்துநாதன் காத்திருந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கண்ணை மூடியபடியே அவன் காத்துக்கொண்டிருந்தான். பிறகு, ரொம்ப நேரம் ஆகிவிட்டதே என்று நினைத்தானோ என்னவோ, யாரும் தொடாத ஓர் இடத்தைக் காட்டினான். முருகையன் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"ஆறு மாசம் மாத்திர சாப்பிடணும். கிருமி செத்துடும்," என்றார் முருகையன். "மாசத்துக்கு ஒருக்கா எங்க முன்னாடி முழுங்கணும், மீதிய தினம் வீட்ல. மொத நாளு ஒண்ணுக்கு செவப்பாப் போவும், பயப்படாதீங்க. தொட்டா ஒட்டிக்காது."

கடைசி வார்த்தையை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சூடு தெரியுமா சார்?" என்று லூர்துநாதன் கேட்டான். "மாத்திர சாப்பிட்டா மறுபடி தெரியுமா?"

"போனது பெரும்பாலும் போனதுதாங்க. மிச்சம் இருக்கறது நிக்கும். இனிமே கை சொல்லாது, கண்ணால பாத்துக்கணும். தினம் சாயங்காலம் ரெண்டு கையையும் உத்துப் பாருங்க, காயம் இருக்குதான்னு."

சரி என்று தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டான். ரயில் ஏறும்போது, "உன் சீட்ட அமலு தெச்சித் தருவா, ரெக்சின் எடுத்துக்கினு வா," என்றான்.

நான் சொல்லமாட்டேன் என்று சொல்லிப் பதினோரு நாள் சொல்லாமல்தான் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சக்கரபாணி என்னைச் சீண்டினான். "இன்னாப்பா, கூழ் ஊத்துற வண்டி! உன் லூர்து கை வெச்சா அப்படித்தான் பத்திக்கும் போல," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. "அவன் கை இன்னா கைன்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு முடிக்கத்தானே தெரியும். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

சிரிப்பு நின்றது. சக்கரபாணி டீ கிளாசைக் கீழே வைத்தான். அவன் வண்டியும் லூர்து மாட்டியதுதான். அன்று சாயங்காலம் அவன் தன் வண்டியின் ஸ்டீரிங்கைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமோ வெட்கமோ வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

ஐப்பசிக்குள் விழுப்புரம் வரை தெரிந்துவிட்டது. டாக்சிக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். மாதா கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டேன். மாசா மாசம் ஒரு புதன்கிழமை அவன் திண்டிவனம் வந்து மாத்திரை விழுங்கிவிட்டுப் போனான். நான் ஒருமுறைகூட ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. சவாரி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அமல்ராணி தையலில்தான் குடும்பம் ஓடியது. யார் சொன்னது என்று அவன் யாரிடமும் கேட்கவில்லையாம். அதை என்னிடம் சொன்னவன் ஆச்சரியமாகச் சொன்னான்.

மாசி மாசம் மேல்மலையனூர் திருவிழா வந்தது. என் வண்டியில் ஆடியிலிருந்து பாட்டு இல்லை. வேறு கடைக்குப் போகலாமா என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். திண்டிவனத்திலிருந்து கிளம்பும்போதுகூட யோசித்தேன். ஆனால் வண்டியைக் கொண்டுபோய் அந்த மதில் சுவர் ஓரம்தான் நிறுத்தினேன்.

கடையில் வாடிக்கைக்காரர்கள் யாரும் இல்லை. பிளைவுட் பலகை சுவரில் இல்லை. எழுத்து பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. லூர்துநாதன் அரைக்கைச் சட்டையில் இருந்தான்.

"வா," என்றான். "எத்தினி ஆம்ப்ளிஃபயர்?"

"ரெண்டு."

வேலை மெதுவாக நடந்தது. ஒவ்வொரு ஒயரையும் பற்றவைத்த பிறகு சால்டரிங் இரும்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டு விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அமல்ராணி கரண்டிக்குச் சுற்றுவது மாதிரி அந்த இரும்பின் பிடிக்குத் துணி சுற்றியிருந்தாள். மூடுபலகை பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் தள்ளித் தள்ளி, கீழே கட்டை கொடுத்து நிறுத்தினான். டார்ச் செல்லால் வூஃபரைத் தொட்டான். இரண்டும் சேர்ந்து வெளியே தள்ளின.

கேசட் போட்டான். அரைமணி நேரம் இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். தும் தும் என்று முதுகில் இடித்தது.

டக்கென்று நின்றது. இறங்கிப் பின்னால் போய்க் குனிந்தான். டார்ச்சை மூன்று விரலால் பிடித்தான். கையின் ஓரம் தகட்டுக்கு மேலே வந்து நின்றது. வைக்கவில்லை.

"தேவநாதா, நீ வை. நான் எண்றேன்."

நான் உள்ளங்கை முழுவதையும் வைத்தேன்.

"ஒண்ணு," என்றான். "ரெண்டு. மூணு."

அவன் எண்ணுவது எப்போதும் நிதானம். நாலில் சூடு தெரிந்தது. ஆறில் எரிந்தது. எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். பத்துவரை தாங்கிவிட்டால் ஏதோ சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு கிறுக்கு எண்ணம். எட்டில் கை தானாகவே துள்ளி வெளியே வந்துவிட்டது.

"தாங்கல," என்றேன். "கழட்டி மாட்டணும்."

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. டார்ச்சை என் கையின் மேல் அடித்தான். உள்ளங்கையில் தகட்டின் வரிகள் சிவப்பாக விழுந்திருந்தன. தொடவில்லை. எட்டத்திலிருந்தே பார்த்தான்.

"லூர்து, சக்கரபாணிகிட்ட சொன்னது நான்தான்," என்றேன். அதுவும் தானாகத்தான் வந்தது.

"தெரியும். உனக்கு மட்டும்தானே தெரியும்." டார்ச்சை நகர்த்தவில்லை. "அது கெடக்கட்டும். எரியுதா?"

"எரியுது."

"எப்பிடி எரியுது? சொல்லு."

அவன் குரலில் ஆசை என்று ஒன்றை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். முள்ளு குத்துற மாதிரி என்றேன். இல்லை, அப்படி இல்லை. மிளகாய் பட்ட மாதிரி என்றேன். அதுவும் இல்லை. எப்படிச் சொன்னாலும் பக்கத்தில் போகிறதே தவிர அதுவாக இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. எரிச்சலால்தான் என்று அவன் நினைத்திருக்கலாம்.

"மெதுவாச் சொல்லுப்பா, அவசரமில்ல," என்றான் லூர்துநாதன். டார்ச்சை அணைக்காமல், என் கையைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.